நாமா, நாங்களா?

‘ஹம் லோக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இந்திக்காரருக்கு இதில் சிக்கல் இல்லை. வங்காளிக்கும் ‘ஆம்ரா’ என்ற ஒரே சொல் போதும். தமிழில்தான் தகராறு. எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை விலக்கி நிறுத்தினால் ‘நாங்கள்’. 1984-ல் தூர்தர்ஷன் தன் முதல் நெடுந்தொடருக்கு இந்தப் பெயரை வைத்தபோது டெல்லியில் யாரும் தமிழ் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தொடரை நாடு எப்படிப் பார்த்தது, அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்ற கதை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

1984 ஜூலை 7-ம் தேதி தொடங்கி 1985 டிசம்பரில் முடிந்தது ‘ஹம் லோக்’. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார், பி. குமார் வாசுதேவ் இயக்கினார். சுமார் 17 மாதங்கள், 150-க்கும் மேற்பட்ட பகுதிகள். பணமும் போதாத, நிம்மதியும் இல்லாத ஒரு வட இந்தியக் குடும்பம். அப்பா பசேசர் ராம் குடிகாரர். அம்மா பாகவந்தி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறவள். கூடவே தாத்தா, பாட்டி. வேலை தேடி அலையும் மூத்த மகன் லல்லு, கிரிக்கெட் கனவில் மிதக்கும் இளையவன் நன்ஹே. மூன்று பெண்களுக்கு வீட்டில் வழங்கும் பெயர்கள் படக்கி, மஜ்லி, சுட்கி. பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள், அவ்வளவுதான். நடுவுள்ளவளுக்கு சினிமா மோகம், அது அவளை பம்பாய்வரை இழுத்துக்கொண்டு போகிறது. சின்னவளுக்கு டாக்டராகும் ஆசை. பெரியவள்தான் நியாயம் பேசுகிறவள்.

இந்தக் குடும்பம் எழுத்தாளரின் மேஜையில் மட்டும் பிறந்ததல்ல. அதன் பூர்வீகம் மெக்சிகோ. அங்கே மிகேல் சபிதோ என்ற தயாரிப்பாளர் 1975-ல் முதியோர் கல்விக்காகவும், 1977-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவும் தொலைக்காட்சித் தொடர்களை எடுத்து வெற்றி கண்டிருந்தார். அவருடைய சூத்திரம் எளியது. பின்பற்றத்தக்க சிலர், பின்பற்றக் கூடாத சிலர், இரண்டுக்கும் நடுவில் தடுமாறித் திருந்தும் சிலர் என்று பாத்திரங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நல்லவருக்கு நல்லது நடக்கும், கெட்டவருக்குக் கெட்டது நடக்கும். கடைசியில் ஊரறிந்த ஒருவர் வந்து அன்றைய பாடத்தைச் சொல்லிவிட்டுப் போவார். 1980-களின் தொடக்கத்தில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே இதை மெக்சிகோவில் பார்த்துவிட்டு வந்தார். நம் ஊரில் அந்தப் பாடம் சொல்லும் வேலை அசோக் குமாருக்கு. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அரை நிமிடம், முக்கால் நிமிடம் திரையில் தோன்றி, வீட்டுப் பெரியவரைப் போல யோசித்துப் பார்க்கச் சொல்வார்.

அந்தப் பட்டியலில் பாகவந்தி இருந்த இடம் முக்கியமானது. அவள் ஒரு எச்சரிக்கை. அடி விழுந்தாலும் வசை விழுந்தாலும் வாய் திறக்காமல் இருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படி வீணாகும் என்று காட்ட வந்தவள். ‘இவளைப் போல இருக்காதீர்கள்’ என்பதுதான் திட்டம்.

திட்டம் போட்டவர்கள் பார்ப்பவர்களைக் கேட்கவில்லை.

கொல்கத்தாவின் தெற்கே, ரவீந்திர சரோவர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது லேக் கார்டன்ஸ். பஜ் பஜ் போகும் மின்சார ரயில் நின்று போகும் சின்ன ஸ்டேஷன், நெருக்கமான மாடி வீடுகள், மீன் வாசனை. ஏரிக்கு வடக்கே போனால் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காபிப் பொடியும் பூச்சரமும் கிடைக்கும். குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, ஆபீசில் ஆங்கிலம். இந்தி என்பது சினிமாப் பாட்டோடு வந்த நாலாவது பாஷை.

அப்படி ஒரு வீட்டில் ‘ஹம் லோக்’ பார்க்கப்பட்ட விதம் இது. 1984-ல் அந்த வீட்டில் டி.வி. கிடையாது. கீழ் வீட்டு வங்காளி மாமியிடம், குழந்தைகள் ‘மாஷிமா’ என்று அழைப்பவரிடம், ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. சீரியல் நாட்களில் அம்மாவும், 12 வயதுப் பெண்ணும், அவளுக்கு இளையவனான பையனும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். அம்மாவுக்கு இந்தி பாதிதான் புரியும். மீதியை மாஷிமா வங்காளியில் சொல்வார். அசோக் குமார் வந்ததும் மாஷிமா முந்தானையைச் சரிசெய்துகொள்வார். வங்காளிகளுக்கு அவர் ‘தாதாமோனி’ அல்லவா.

சில நாட்களில் அப்பாவும் வருவார். வாசலோரம் ஒரு ஸ்டூல் அவருக்கு. பசேசர் ராம் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது அந்த அறையில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். சிரித்து முடித்துவிட்டு, ‘இதோ வந்துடறேன்’ என்று வெளியே போவார். எங்கே போகிறார் என்று மாஷிமா உட்பட எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டில் அப்பாவின் குடி பற்றி அதுவரை ஒரு சொல்கூடப் பேசப்பட்டதில்லை. அதற்குப் பெயரே இல்லை. தூர்தர்ஷன் ஒரு பெயர் கொடுத்தது. படியில் செருப்புச் சத்தம் தாறுமாறாகக் கேட்டால் பையன் அக்காவிடம் கிசுகிசுப்பான்: ‘பசேசர் ராம் வந்தாச்சு.’

ஒரு டி.வி. தொடர் ஒரு வீட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுவாகத்தான் இருக்கும். தன் வீட்டில் நடப்பதை அடுத்த வீட்டுக் கதையாகச் சொல்லிப் பார்க்க இடம் கொடுக்கிறது. இந்தியாக இருந்தது இன்னும் வசதி. அது தெரிந்தவர்கள் மொழியல்ல, மாஷிமாவின் மொழியும் அல்ல. வெட்கப்பட வேண்டியதெல்லாம் தூரத்து ஊரில் யாருக்கோ நடந்தது.

ஆனால் ஒரே பெட்டியை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அது ‘அவர்கள்’. குழந்தைகளுக்கு ‘நாங்கள்’, வெளியே சொல்லக் கூடாத நாங்கள். அம்மாவுக்கு மட்டும் ‘நாம்’. பாகவந்தி அழும்போது அவளும் அழுதாள். ‘பாவம், அவ பொறுமையாலதான் அந்த வீடு நிக்கறது’ என்றாள். மாஷிமா ஆமோதித்தார். தாதாமோனி அந்த அரை நிமிடத்தில் என்ன சொன்னார் என்பது இருவருக்கும் நினைவில்லை.

லேக் கார்டன்ஸின் ஒரு வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. ‘ஹம் லோக்’ ஓடிய காலத்தில் பார்வையாளர்களிடமிருந்து வந்த கடிதங்கள் 4 லட்சத்துக்கும் மேல். அசோக் குமாருக்கே குவியல் குவியலாக வந்தன. படக்கியின் கல்யாண நாளன்று வட இந்தியாவில் கடைத்தெருக்கள் சீக்கிரமே மூடின. பின்னர் அரவிந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் இந்தத் தொடரின் பாதிப்பை ஆராய்ந்தார்கள். டெல்லி, புனே, சென்னை என்று மூன்று இடங்களில் மக்களிடம் கேட்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த அதிர்ச்சிகளில் ஒன்று, கணிசமான பேர் பாகவந்தியைத்தான் முன்மாதிரியாகச் சொன்னார்கள் என்பது. அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இதற்கு முன்பே அமெரிக்காவில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1971-ல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற குடும்பத் தலைவர் கறுப்பர்களையும் யூதர்களையும் பெண்களையும் மட்டம் தட்டிக்கொண்டே இருப்பார். அவரைப் பார்த்து இன வெறியின் முட்டாள்தனம் புரியட்டும் என்பது தயாரிப்பாளர் நார்மன் லியரின் நோக்கம். விட்மர், ரோகீச் என்ற இரு ஆய்வாளர்கள் 1974-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஏற்கனவே அந்த வெறுப்பு உள்ளவர்கள் ஆர்ச்சியைத் தங்கள் கட்சி என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறவர் தம்மிடம் ஏற்கனவே இருப்பதைக் கொண்டுதான் கதையைப் படிக்கிறார்.

இருந்தாலும் ஆர்ச்சியின் ரசிகர்களையும் பாகவந்தியின் ரசிகைகளையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆர்ச்சிக்குக் கைதட்டியவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பாகவந்திக்காக அழுதவள் தன் வாழ்க்கைக்கு ஒரு நியாயம் தேடிக்கொண்டிருந்தாள். 1984-ல் அவள் முன்னால் என்ன இருந்தது? கணவன் வீட்டுக் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983-ல்தான் சேர்ந்திருந்தது. அதுவும் போலீஸ் ஸ்டேஷன் படியேறத் துணிந்தவளுக்கு. வீட்டில் வசிக்கும் உரிமை, பாதுகாப்பு உத்தரவு என்றெல்லாம் பேசிய குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் நிறைவேறி 2006-ல்தான் அமலுக்கு வந்தது. கையில் சம்பாத்தியம் இல்லாமல், பிறந்த ஊர் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, இரண்டு குழந்தைகளோடு லேக் கார்டன்ஸில் இருக்கும் ஒரு பெண்ணிடம் ‘நீ செய்வது தப்பு’ என்று திரையில் ஒருவர் வந்து சொன்னால், அவள் எங்கே போவாள்? அவள் சகித்ததற்கு ஊர் கொடுக்கும் ஒரே கூலி பாராட்டு. அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாரா தாதாமோனி?

பாடம் சொன்னவர்களும் உறுதியாக நிற்கவில்லை. முதல் சில வாரங்களில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது, ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ஜோஷி பிரசாரத்தைக் குறைத்துக் குடும்பக் கதையைக் கூட்டினார். மேகி நூடுல்ஸ் விளம்பரத்தோடு வந்த தொடர் அது. பார்ப்பவர்கள் இருந்தால்தான் விளம்பரம், விளம்பரம் இருந்தால்தான் தொடர். ஜனங்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பாகவந்தியின் கண்ணீருக்காக.

குடும்பத்தைத் தூக்கிச் சுமந்து தேய்ந்துபோகும் பெண் டி.வி.க்கு முன்பே இருந்தவள்தான். கொல்கத்தாவுக்கு அவளை நன்றாகத் தெரியும். 1947-க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் நகரத்தின் தெற்கே காலனி காலனியாகக் குடியேறினார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த படம்தான் 1960-ல் வெளிவந்த ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’. அதில் நீதா என்ற பெண்ணின் சம்பளத்தை வீடே தின்கிறது. காதலனைக்கூடத் தங்கை எடுத்துக்கொள்கிறாள். கடைசியில் காசநோய் மட்டும் அவளுக்கு மிஞ்சுகிறது. 1974-ல் கே.பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் அவளுடைய தமிழ்ச் சகோதரி வந்தாள். ஓடிப்போன அப்பா, குடிகார அண்ணன், வீட்டுக்கு ஒரே சம்பாத்தியமான கவிதா. அந்தப் படம் ‘கபிதா’ என்ற பெயரில் 1977-ல் வங்காளிக்கே போனது, கமல்ஹாசனும் நடித்தார். துயரம் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் நடுவில் மெயில் ரயிலைப் போலப் போய் வந்துகொண்டிருந்தது.

ஆனால் சினிமாவுக்கும் சீரியலுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சினிமா முடிந்தாக வேண்டும். நீதா சாகும் தறுவாயில், வாழ ஆசைப்பட்டதாக அண்ணனிடம் கதறுகிறாள். அந்தக் கதறலோடு பார்ப்பவரைத் தெருவில் தள்ளிவிடுகிறார் கட்டக். அவளுடைய தியாகத்துக்கு மாலை போடவில்லை, கணக்குக் கேட்கிறார். சீரியல் முடியக் கூடாது. நாயகி ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், அல்லது வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டால், கதை பாதி தீர்ந்தது. அவள் பொறுத்துக்கொண்டிருக்கும்வரை மட்டுமே நாளைக்கு ஒரு பகுதி இருக்கும். பெண்ணின் பொறுமை சீரியலுக்கு முதலீடு. அடி வாங்கினாலும் அசையாத மருமகள்கள் எல்லா மொழிகளிலும் பெருகியதற்குப் பண்பாடு மட்டும் காரணமல்ல. இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தமிழில் 1999-க்குப் பிறகு ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று வரிசையாக வந்தவற்றை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. எதிர்த்து நின்ற நாயகிகள் உண்டு, சொந்தத் தொழில் நடத்தியவர்கள் உண்டு. தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கூனிக் குறுகி நிற்கும் ‘மெட்டி ஒலி’ அப்பாவைப் பார்த்து நெஞ்சு கனக்காதவர்கள் குறைவு. திருமுருகனின் அந்தத் தொடர் 2002 முதல் 2005 வரை ஓடியபோது தமிழ் பேசும் வீடுகளில் அந்த நேரத்துக்கு விருந்தாளிகள்கூட வரத் தயங்கினார்கள். ஆனால் புகுந்த வீட்டில் பெண் படும் பாடு அங்கேயும் கதையின் எரிபொருள்தான்.

2020-ல் ஊரடங்கு வந்தது. புதிய தொடர்களின் படப்பிடிப்பு நின்றது, ‘மெட்டி ஒலி’ மறுபடி ஒளிபரப்பானது. லேக் கார்டன்ஸ் வீட்டில் அம்மாவுக்கு அப்போது 74 வயது. கணவர் 1991-லேயே கல்லீரல் கெட்டுப் போய்ச்சேர்ந்துவிட்டார். அவருக்கு என்ன நோய் என்று உறவுக்காரர்களிடம் இன்றுவரை ‘மஞ்சள் காமாலை’ என்றுதான் சொல்லப்படுகிறது. அம்மாவுக்குத் துணையாக வந்த மகள் ஊரடங்கில் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா டி.வி.முன் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதைச் சில நாள் பார்த்தாள். ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

‘ஏம்மா, இவளைப் பாத்தா உனக்குப் பரிதாபமா இருக்கா, பெருமையா இருக்கா?’

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: ‘ரெண்டும்தாண்டி.’

நாலு லட்சம் கடிதங்களின் சாரமும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பரிதாபம் மட்டும் இருந்திருந்தால் பாகவந்தி எச்சரிக்கையாக நின்றிருப்பாள். பெருமையும் சேர்ந்ததால் தெய்வமாகிவிட்டாள். இதில் சங்கடம் என்னவென்றால், அந்தப் பெருமையைப் பறித்தால் அம்மாவிடம் மிச்சம் எதுவும் இருக்காது. பறிக்காவிட்டால் அதுதான் மகளுக்கும் சீதனமாக வந்து சேரும்.

இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். குடிப்பழக்கத்துக்குத் தன் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல், அதாவது ‘ஹம் லோக்’ வருவதற்கு நாலு வருடம் முன்பே, சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்தது அது. குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் அவருடைய மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனையும் சிகிச்சையும் தேவை என்று சொன்னது. கணவனுக்காக ஆபீசுக்குப் பொய் சொல்லி லீவு போடுவது, கடனை அடைப்பது, குழந்தைகளிடம் மூடி மறைப்பது, உறவுக்காரர்களிடம் மஞ்சள் காமாலை என்பது எல்லாம் அன்பால் செய்யப்படுபவைதான். ஆனால் அவை நோய்க்குத்தான் ஆயுளைக் கூட்டுகின்றன என்று இத்துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். பாகவந்தியின் பொறுமை பசேசர் ராமையும் காப்பாற்றவில்லை என்பதுதான் இதன் பொருள்.

அசோக் குமாரின் அரை நிமிடத்தில் இதைச் சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். ‘இவளைப் போல இருக்காதே’ என்று சொல்வது சுலபம். ‘நீ பட்டதெல்லாம் பட்டதுதான், அதற்கு மரியாதை உண்டு, ஆனால் அது உன் பெண்ணுக்குப் பாடமாக வேண்டாம்’ என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதாது. அதைத் திரையிலிருந்து யாரும் சொல்லவும் முடியாது. அருகில் உட்கார்ந்து பார்ப்பவர்தான் கேட்க வேண்டும், அதுவும் குற்றம் சாட்டாமல் கேட்க வேண்டும்.

சீரியல் பார்த்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஆண்கள் அலுத்துக்கொள்வது இந்த நாட்டின் பழைய பொழுதுபோக்கு. அப்படி அலுத்துக்கொள்கிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தவரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். பெண்கள் கதையில் தங்களைத் தேடினார்கள், தப்பாகவோ சரியாகவோ கண்டுபிடித்தார்கள். பசேசர் ராமிடம் தன்னைக் கண்டுகொண்டதாக எத்தனை ஆண்கள் தூர்தர்ஷனுக்குக் கடிதம் போட்டிருப்பார்கள்? பாகவந்தி எச்சரிக்கையாக நிற்காமல் போனதற்கு அவளை வணங்கியவர்களைக் குறை சொல்கிறோம். பசேசர் ராம் வெறும் வேடிக்கையாகிப் போனதற்குச் சிரித்தவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

ஆகவே மொழிபெயர்ப்புக்கு வருவோம். பெண்களுக்கு ‘ஹம் லோக்’ எப்போதோ ‘நாம்’ ஆகிவிட்டது. ஆண்களுக்கு அது இன்னும் ‘அவர்கள்’தான்.